பதில் கேட்காத கடிதம்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காக ஐரோப்பாவில் சரக்கு லாரி ஓட்டியவர் ஜெரோம் மோட்டோ. ஊரில் கொஞ்சம் பழகியிருந்த ஒரு பெண் அவருக்கு விடாமல் கடிதம் எழுதினார். எதையும் கேட்காத, எதையும் எதிர்பார்க்காத கடிதங்கள். பின்னாளில் மனநல மருத்துவரானபோது மோட்டோவுக்கு அவை நினைவுக்கு வந்தன.

1969 முதல் 1974 வரை சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனைகளில் மனச்சோர்வாலோ தற்கொலை எண்ணத்தாலோ சேர்க்கப்பட்டு, வீடு திரும்பியபின் தொடர் சிகிச்சை வேண்டாம் என்று சொன்னவர்களில் 843 பேரை அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகளில் 24 கடிதங்கள் போயின. மற்றவர்களுக்கு ஒன்றும் போகவில்லை. கடிதத்தில் அறிவுரை கிடையாது. நம்மூரில் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதுவோமே, ஏறக்குறைய அவ்வளவுதான். முதல் இரண்டு ஆண்டுகளில், கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை கணிசமாகக் குறைவாக இருந்தது.

இந்தக் கடிதத்துக்கு அப்புறம் நீண்ட பயணம். ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் அது ஆண்டுக்கு எட்டு அஞ்சலட்டைகளாக மாறியது. 2005-இல் முடிவுகள் வந்தன. உலக சுகாதார நிறுவனமும் ஐந்து ஊர்களில் சோதித்துப் பார்த்தது: பிரேசிலின் கம்பினாஸ், ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங், கொழும்பு, சென்னை. இங்கே கடிதத்துக்குப் பதில் ஆளே போனார். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரோடு மருத்துவமனையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவது. பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை, நேரிலோ தொலைபேசியிலோ விசாரிப்பது. முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம் வாரம் என்று தொடக்கத்தில் நெருக்கமாக, போகப் போக இடைவெளி விட்டு. ஐந்து ஊர்களிலும் சேர்த்து 1,867 பேர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 18 பேர் தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 2 பேர்.

2008-இல் வெளியான இந்த எண்களைப் படிக்கும் எவருக்கும் இதன் செலவு எவ்வளவு சொற்பம் என்பதுதான் முதலில் உறைக்கும். விலை உயர்ந்த மருந்தோ கருவியோ இல்லை. ‘எப்படி இருக்கீங்க?’ என்று இரண்டாம் தடவையும், ஒன்பதாம் தடவையும் கேட்க ஒருவர் வேண்டும்.

சென்னையில் இந்த ஆய்வில் பங்கேற்றவர் டாக்டர் லட்சுமி விஜயகுமார். 1986-இல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். அவரும் குழுவினரும் இந்த முறையை இலங்கைத் தமிழ் அகதிகள் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாடு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். 2021-இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது. இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் நிறைய. போரில் பட்டது ஒருபுறம். எத்தனை காலத்துக்கு இப்படியே என்ற காத்திருப்பு இன்னொருபுறம். இரண்டாவதை எந்தக் கவுன்சலிங்கும் தீர்த்துவிடாது. அது அரசு தீர்க்க வேண்டியது.

முகாமுக்குள் போனபோது கடிதத்தோடு ஓர் அட்டையும் சேர்ந்துகொண்டது. பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் அதற்கு அடிப்படை. மனம் கவிழத் தொடங்குவதை எப்படித் தெரிந்துகொள்வேன், அப்போது தனியாக என்ன செய்வேன், எங்கே போய் உட்காருவேன், யாரிடம் சொல்வேன், எந்த மருத்துவரைக் கூப்பிடுவேன், ஆபத்தானவற்றை எப்படிக் கைக்கெட்டாமல் வைப்பேன்: இவற்றை அவரவர் வாயால் சொல்லவைத்து எழுதிக்கொள்வது. அட்டையோடு வீடு வீடாகப் போய், மறுபடி மறுபடி விசாரித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர்; பயிற்சி பெற்ற சமூகத் தொண்டர்கள். இப்படி ஒரு முகாமில் செய்து, செய்யாத இன்னொரு முகாமோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொண்டர்கள் போய்வந்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. 2017-இல் ஆய்வு வெளிவந்தது.

முகாமில் இதற்கு இரண்டு வசதிகள் இருந்தன: போன வாரம் பார்த்த ஆள் இந்த வாரமும் அதே வீட்டில் இருப்பார், பேசுவதும் தமிழ். சென்னைப் புறநகரான குரோம்பேட்டையில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் விஷயத்தில் இரண்டும் கிடையாது. அசாமின் சில்காட்டிலிருந்தும் ஜார்க்கண்டின் ஜசிடீயிலிருந்தும் தாம்பரத்துக்கு நேராக ரயில் இருக்கிறது. இறங்குகிறவர்கள் கட்டட வேலைக்கும் ஓட்டல்களுக்கும் நாகல்கேணித் தோல் பதனிடும் கூடங்களுக்கும் பிரிந்துபோகிறார்கள். சைட் முடிந்தால் மேஸ்திரி வேறு ஊருக்குக் கூட்டிப்போவார். வீட்டு விலாசத்தை நம்பிய எந்த ஏற்பாடும் இவர்களைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எட்டு பேர் படுக்கும் அறையில் ஒருவன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால், அதைக் கவனிப்பவன் பக்கத்துப் பாயில் படுப்பவன்தான். அந்த அறைத் தோழனுக்குத்தான் பயிற்சி தர வேண்டும். முகாம் காட்டிய வழி அது.

2022 அக்டோபரில் தொடங்கிய 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழ் தவிர இந்தி, வங்காளம், அசாமியம், ஒடியாவிலும் பேசலாம். இரவு பகல் எந்நேரமும், கட்டணமில்லாமல். மனம் கனத்திருக்கும் யாரும், அவருக்காகக் கவலைப்படுகிறவரும் தயங்காமல் அழைக்கலாம். ஆனாலும் மோட்டோவின் கடிதத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. உதவி எண், தவிப்பவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்கிறது. கடிதம் காத்திருக்கவில்லை, சிகிச்சையே வேண்டாம் என்றவரையும் தேடிப்போனது.

தற்கொலைக்கு முயன்று பிழைத்து, புறநகர் மருத்துவமனையிலிருந்து வெளியேறும் தொழிலாளியின் கைப்பேசி எண்ணோடு, அறைத் தோழன் எண்ணையும் ஊரிலிருக்கும் அம்மாவின் எண்ணையும் வாங்கிவைக்கலாம். டிஸ்சார்ஜ் சீட்டிலேயே அவன் மொழி எது என்று குறிக்கலாம். அந்த மொழி பேசும் ஒருவர் முதல் வாரத்தில் தொடங்கி, அவன் எந்த ஊர் சைட்டில் இருந்தாலும், பதினெட்டு மாதம் வரை ஒன்பது தடவை கூப்பிட வேண்டும். சென்னையும் பங்கேற்ற அந்த ஆய்வின் கால அட்டவணை கையில் தயாராக இருக்கிறது.