காதலுக்கு முன் கலியாணம்



கிருலப்பனையிலிருந்து கடற்கரைப் பக்கமாக நடந்தால், பாமன்கடை கழிந்ததும் வெள்ளவத்தை வந்துவிடும். வாடகைக்குப் புத்தகம் கொடுக்கும் சிறு கடைகள் ஒரு காலத்தில் அந்தப் பகுதியில் இருந்தன. ஒரு தட்டில் ரமணிசந்திரன், அடுத்த தட்டில் மில்ஸ் அன்ட் பூன். அம்மா தமிழ்ப் புத்தகத்தையும் மகள் ஆங்கிலப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஒரே குடையின் கீழ் வீடு திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். மகளின் புத்தகத்தை அம்மா சந்தேகத்துடன் பார்ப்பார். அம்மாவின் புத்தகத்தை மகள் இளக்காரத்துடன் பார்ப்பாள். இரண்டிலும் அடிக்கடி வரும் கதை ஒன்றுதான் என்பதை இருவருமே கவனித்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கதை இதுதான். அறிமுகமில்லாத, அல்லது அரைகுறையாக அறிமுகமான இருவருக்குக் கலியாணம் நடந்துவிடுகிறது. பிறகு அவர்கள் ஒருவரையொருவர் அறிகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் காதல் வருகிறது.

பேசிச் செய்யும் கலியாணம் கிழக்கு நாடுகளின் வழக்கம், காதலித்துச் செய்வது மேற்கின் வழக்கம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஜனரஞ்சகப் புனைகதையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம். பார்க்கும்போது ஒரேயொரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வோம். கதையில் வரும் பெண் 'மாட்டேன்' என்று சொன்னால், அதற்கு அவள் கொடுக்க வேண்டிய விலை என்ன?

இங்கிலாந்திலிருந்து தொடங்கலாம். 1753ஆம் ஆண்டின் ஹாட்விக் சட்டம் வந்த பிறகு, இருபத்தொரு வயதாகாதவர்கள் அனுமதிப்பத்திரம் பெற்று மணம் முடிப்பதற்குப் பெற்றாரின் சம்மதம் தேவைப்பட்டது. சம்மதம் கிடைக்காத சோடிகள் எல்லை தாண்டி ஸ்கொட்லாந்துக்கு ஓடினார்கள். அந்தச் சமூகத்தில் பிறந்த நாவல்தான் ஜேன் ஒஸ்ரின் எழுதி 1813இல் வெளிவந்த 'பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்'. அதைக் காதல் கதை என்றே படித்துப் பழகிவிட்டோம். ஆனால் அதில் வரும் தாய் நம்மூர்த் தாய்தான். ஐந்து பெண்பிள்ளைகள். வீடும் நிலமும் ஆண்வாரிசான தூரத்து உறவினர் ஒருவருக்குப் போகப் போகின்றன. அந்த உறவினரே மூத்தவளுக்கு அடுத்த எலிசபெத்தைப் பெண் கேட்கிறார்.

எலிசபெத் 'மாட்டேன்' என்கிறாள். தகப்பன் அவள் பக்கம் நிற்கிறார். அதனால் பிழைத்தாள். சில நாட்களுக்குள் அவளுடைய தோழி, இருபத்தேழு வயதான சார்லற், அதே மனிதருக்குச் சம்மதம் சொல்லிவிடுகிறாள். அவளிடம் அழகும் இல்லை, பணமும் இல்லை. அவளுக்கு 'மாட்டேன்' என்ற சொல் கட்டுப்படியாகவில்லை. ஒஸ்ரின் அவளைப் பழிக்காமல் ஒரு வீட்டையும் கோழி வளர்ப்பையும் கொடுத்து நகர்ந்துவிடுகிறார். அந்த நாவலின் மிக நேர்மையான பகுதி அதுதான் என்பேன்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. டாசிக்குத் தன் மகளைக் கட்டிவைக்க வேண்டும் என்று தொட்டில் காலத்திலேயே முடிவு செய்ததாக லேடி கதரின் உரிமை கொண்டாடுகிறாரே, அவர் டாசியின் தாயுடன் கூடப்பிறந்தவர். சின்னம்மாவோ பெரியம்மாவோ, எதுவானாலும் அவருடைய மகள் நம் முறையில் டாசிக்குத் தங்கை! ஆங்கில முறைக்கும் தமிழ் முறைக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். பேச்சுக் கால் ஒன்று, கணக்கு வேறு.

ஒஸ்ரின் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர் ஜோர்ஜெற் ஹேயர். இருபதாம் நூற்றாண்டில் இருந்துகொண்டு, பழைய இங்கிலாந்தைப் பின்னணியாக்கி இலேசான நாவல்கள் எழுதியவர். 1934இல் வந்த அவருடைய 'த கன்வீனியன்ட் மரேஜ்' நாவலில், ஒரு பிரபு மூத்தவளைப் பெண் கேட்கிறார். அவளோ வேறொருவரை விரும்புகிறாள். பதினேழு வயதுத் தங்கை நேரே அந்தப் பிரபுவின் வீட்டுக்குப் போய், அக்காவுக்குப் பதிலாக என்னைச் செய்துகொள்ளுங்கள் என்கிறாள். பெற்றார் செய்ய வேண்டிய தரகை அவளே செய்கிறாள். சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

1961இல் அவர் எழுதிய 'எ சிவில் கொன்ராக்ட்' இன்னும் ஆழமானது. தகப்பன் வைத்துப்போன கடனில் மூழ்கிய இளம் பிரபு அடம். அவன் விரும்பிய பெண் அழகி, ஆனால் அவனுடைய கடனைத் தீர்க்கும் பணம் அந்தக் குடும்பத்தில் இல்லை. இலண்டன் வர்த்தகர் ஒருவர் ஈடுகளை மீட்டுக் கொடுத்துத் தன் மகள் ஜெனியை அவனுக்குக் கட்டிவைக்கிறார். இது சீதனக் கதையன்றி வேறென்ன? கலியாணத்துக்குப் பின் மாமனார் வீட்டைத் தன் இரசனைப்படி அலங்கரிப்பதும், கேட்காத பொருட்களைக் கொண்டுவந்து குவிப்பதும், மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொல்வதும் யாழ்ப்பாணத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டிய அத்தியாயங்கள். ஜெனி அவனை முன்பே மனதுக்குள் விரும்பியவள். அவன் அறியான். வோட்டலூ யுத்த நேரத்தில், மாமனாரின் புத்திமதிக்கு மாறாகப் பங்கு வாங்கி, தன் முயற்சியால் பணம் சேர்க்கிறான். முடிவில் அவனுக்குக் கிடைப்பது பெரிய காதல் அன்று. நிம்மதியான, உறுதியான ஓர் அன்பு. பொழுதுபோக்கு நாவலுக்குள் இவ்வளவு உண்மையை வைக்கலாம் என்று காட்டியவர் ஹேயர்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹேயர் இக்கதைகளைத் தம் காலத்தில் நடப்பதாக எழுதவில்லை. நிகழ்கால இலண்டனில் ஒருவன் சீதனத்துக்குப் பெண் கட்டினால் வாசகர் முகம் சுளிப்பார். அதனால் கதைக்குப் பழைய உடுப்பு தேவைப்பட்டது. அதே கதையை இன்றைய மேற்கு நகரத்துக்குள் மறுபடியும் கொண்டுவந்தவர்கள் தெற்காசியாவிலிருந்து குடியேறியவர்களும் அவர்களின் பிள்ளைகளும்.

சித்ரா பனர்ஜி திவாகருணியின் 'அரேஞ்ட் மரேஜ்' என்ற சிறுகதைத் தொகுதி 1995இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் ஒரு கதையில், கலிபோர்னியாவுக்கு மணமாகிச் சென்ற பெண்ணின் கணவன் இரவுக் கடையில் வேலை செய்யும்போது சுட்டுக் கொல்லப்படுகிறான். மாமனார் மாமியாருடன் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கிவிட அவள் தீர்மானிக்கிறாள். அவளுடைய 'மாட்டேன்' கலியாணத்தின்போது வரவில்லை. விதவையான பிறகு வருகிறது.

1999இல் வந்த ஜும்பா லாகிரியின் முதல் தொகுதி மறு ஆண்டு புலிற்சர் பரிசு பெற்றது. அதன் கடைசிக் கதையில், ஒரு வங்காளி 1969இல் பேசிச் செய்த மனைவியுடன் பொஸ்ரனில் வாழத் தொடங்குகிறான். இருவரும் அந்நியர். அவன் முன்பு வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி, நூற்றுமூன்று வயதுக் கிழவி, சேலை கட்டிய அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்து நற்சான்று கொடுக்கிறாள். அந்தக் கணத்தில் கணவனும் மனைவியும் முதன்முறையாகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கிழவியின் ஒரு சொல்லில் ஒரு குடும்பம் தொடங்கிவிடுகிறது.

2017இல் வந்த சந்தியா மேனனின் 'வென் டிம்பிள் மெற் ரிஷி' முற்றிலும் இலேசான, இளவயதினருக்கான நாவல். சான் பிரான்சிஸ்கோவில் கணினிப் பயிற்சிக்கு வந்த டிம்பிளைப் பார்த்து, ரிஷி தன் வருங்கால மனைவியே என்கிறான். பெற்றார் பேசிவைத்தது அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கையிலிருந்த குளிர்க் கோப்பியை அவன் மீது ஊற்றிவிட்டு ஓடுகிறாள். இங்கே 'மாட்டேன்' என்பதன் விலை ஒரு கோப்பை கோப்பி. அதனால்தான் நாம் கவலையின்றிச் சிரிக்கிறோம். அவர்கள் காதலிக்கும்போது கவலையின்றி மகிழ்கிறோம். பின்னால் காசும், படிப்பும், சட்டமும் துணை நிற்கும் பெண்ணுக்குப் பேச்சுக் கலியாணமும் ஒரு விளையாட்டு ஆகலாம். 2013இல் டென்மார்க்கில் தொடங்கி, முன்பின் தெரியாதவர்களை மணமேடையில் சந்திக்கவைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி பல நாடுகளுக்குப் பரவியதும் இந்தத் துணிவில்தான்.

இனி நம் பக்கம் திரும்புவோம். திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' நாவலை 1895இல் வெளியிட்டார். அதற்கு முன் 1892இல் அவர் பாடிய 'தத்தைவிடு தூது' பெண்ணின் விடுதலையைப் பேசியது. பாரதி பத்து வயதுச் சிறுவனாக இருந்த காலம் அது. 1914இல் மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' வந்தது. ஈழத்துப் பெண்ணொருவர் எழுதிய முதல் தமிழ் நாவல் என்று நாம் கொண்டாடுவது இதைத்தான். விவிலியச் சங்கீதத்தை நினைவூட்டும் தலைப்பு. மணவாழ்வில் ஒரு பெண் படும் துயரமே அதன் பொருள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 1911இல்தான் யாழ்ப்பாணத்துத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே கருதியது. ஆனால் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டியிருந்தது. இங்கிலாந்துப் பெண்ணுக்கு இந்தத் தடை 1882இலேயே நீங்கிவிட்டது. காணி அவள் பெயரில், கையெழுத்து அவன் கையில் என்ற நிலையில், கலியாணத்துக்குப் பின் காதல் வரும் என்று முடிக்க மங்களநாயகம் அம்மையாருக்கு மனம் வராததில் வியப்பில்லை. ஹேயர் சிரிக்கக்கூடிய இடத்தில் அவர் அழுதார். இருவரும் தங்கள் பெண்களுக்கு உண்மையாக இருந்தார்கள்.

இந்த இரண்டு மரபும் சந்திக்கும் நூல், அமெரிக்காவில் பிறந்த வி. வி. கணேசானந்தன் 2008இல் வெளியிட்ட 'லவ் மரேஜ்'. யாழினி என்ற பெண், ரொறன்ரோவில் மரணப் படுக்கையில் இருக்கும் தாய்மாமனைப் பராமரிக்கிறாள். அவர் இயக்கத்தில் இருந்தவர். அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசப்படுகிறது. காதல், பேச்சு என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காத எத்தனையோ கலியாணங்கள் ஒரு குடும்பத்துக்குள் இருப்பதை யாழினி ஒவ்வொன்றாகக் கண்டெடுக்கிறாள். இது இலேசான நாவல் அன்று. யுத்தம் அதற்கு அனுமதி தரவில்லை.

தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளில் வெள்ளவத்தை லொட்ஜுகளில், வெளிநாடு போகவிருந்த பெண்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கைப்பையில் ஒரு புகைப்படம், ஒரு சாதகக் குறிப்பு, எழுத்து முடிந்திருந்தால் ஒரு பத்திரம். மாப்பிள்ளை ரொறன்ரோவிலோ பாரிஸிலோ சூரிச்சிலோ. ஊரில் காணி ஈடு வைக்கப்பட்டிருக்கும். அவள் போய்ச் சேர்ந்தால்தான் தம்பிக்கு வழி பிறக்கும். அந்தப் பெண்ணுக்கு 'மாட்டேன்' என்ற சொல்லின் விலை ஒரு குடும்பம். பொழுது போவதற்காக அவளும் வாடகைப் புத்தகம் வாசித்திருப்பாள். கடைசிப் பக்கத்தில் காதல் வரும் என்று அந்தப் புத்தகம் அவளுக்கு உறுதி சொல்லியிருக்கும். சிலருக்கு வந்தது. சிலருக்கு வரவில்லை.

அவளை நாம் பெரும்பாலும் துயரக் கதையாகவே நினைத்துப் பார்க்கிறோம். அவள் வாழ்க்கையிலும் சிரிப்பு இருந்தது: விமான நிலையத்தில் மீசை எடுத்துவிட்ட மாப்பிள்ளையை அடையாளம் காணாத குழப்பம், முதல் பனியில் சேலையோடு வழுக்கி விழுந்தது, இருவரும் சமைக்கத் தெரியாமல் பாண் தின்ற இரவு. அவற்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும், ஆனால் ஈடு வைத்த காணியை மறைக்காத ஒரு நாவல் வேண்டும். அந்தப் பெண்களின் பிள்ளைகள் இன்று எழுதும் வயதில் இருக்கிறார்கள். தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இப்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.