இங்கிலாந்தில் வீடு வாங்கப் போகிறீர்களா? கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

படிப்புக்காகவும் வேலைக்காகவும் இங்கிலாந்து சென்ற நம் குடும்பங்கள் பல, சில ஆண்டுகள் வாடகை கொடுத்த பிறகு, "இந்த வாடகைக்குச் சொந்த வீடே வாங்கிவிடலாமே" என்ற முடிவுக்கு வருகின்றன. நல்ல முடிவுதான். ஆனால் வீட்டின் அறைகளைப் பார்ப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியைக்கூட நாம் பத்திரத்துக்கும் வரிக்கும் கொடுப்பதில்லை. பின்னால் வரும் சிக்கல்களோ பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. இங்கே சொல்பவை இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு.

பகுதியைத் தேர்வு செய்தல்

லண்டனின் வடமேற்கில் உள்ள ஹாரோவை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மெட்ரோபாலிட்டன் ரயில் பாதையை ஒட்டி, 1920களிலும் 1930களிலும் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்த புறநகர் இது. இரண்டு வீடுகள் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் 'செமி டிடாச்ட்' வகைதான் அதிகம். முன்னால் வளைந்த ஜன்னல், மாடியில் இரண்டு பெரிய அறைகள், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் சின்ன அறை, பின்னால் நீளமான தோட்டம். இலங்கைத் தமிழர்களும் இலங்கை முஸ்லிம்களும் நிறையப் பேர் வாழ்கிறார்கள். ஸ்டேஷன் ரோட்டில் ஹாரோ மத்தியப் பள்ளிவாசல் இருக்கிறது.

பள்ளிவாசலுக்கு நடந்தே போக முடியுமா என்று பாருங்கள். லண்டனில் ஜூன் மாதம் மஃக்ரிப் இரவு 9.20ஐத் தாண்டும், இஷா அதற்கும் வெகுநேரம் கழித்து. டிசம்பரிலோ மாலை 4 மணிக்கு முன்பே மஃக்ரிப் வந்துவிடும். பேருந்தை நம்பி ஜமாஅத்துக்குப் போவது இரண்டு பருவத்திலும் கஷ்டம்.

அடுத்தது பிள்ளைகளின் பள்ளிக்கூடம். பல அரசுப் பள்ளிகளில், முன்னுரிமை உள்ள பிள்ளைகளுக்குப் பிறகு, வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை வைத்தே இடம் கொடுக்கிறார்கள். அந்த எல்லை ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஏஜென்ட் சொல்வதை நம்பாமல், கடந்த ஆண்டுகளில் எவ்வளவு தூரம்வரை இடம் கிடைத்தது என்பதைக் கவுன்சிலின் தகவலில் பாருங்கள். தொடக்கப் பள்ளிக்கு ஜனவரி 15, மேல்நிலைக்கு அக்டோபர் 31 என்பவை விண்ணப்பத்தின் கடைசி நாட்கள்.

வீட்டைப் பார்த்தல்

நிலமும் கட்டடமும் உங்களுக்கே சொந்தமானால் அது ஃப்ரீஹோல்டு. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை என்றால் லீஸ்ஹோல்டு. அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் இந்த வகை. லீஸில் எத்தனை ஆண்டு மிச்சம், பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். 80 ஆண்டுக்குக் குறைந்த லீஸைப் புதுப்பிக்கச் செலவு கூடும். அதற்கு நிதி தரவும் நிறுவனங்கள் தயங்கும்.

வங்கி செய்யும் மதிப்பீடு வங்கியின் பாதுகாப்புக்காகத்தான். உங்களுக்காகத் தனியாக ஒரு சர்வேயரை அமர்த்துங்கள். 1930களின் வீட்டில் கூரை, மின்கம்பி, பழைய கழிவுக்குழாய் மூன்றையும் பார்க்க வேண்டும். லண்டனின் களிமண் நிலம் வறண்ட கோடையில் சுருங்குவதால் அடித்தளம் இறங்கிச் சுவரில் வெடிப்பு விழுவதுண்டு. முந்தைய உரிமையாளர் மாடிக்கு மேல் அறை கட்டியிருந்தாலோ, பின்பக்கம் நீட்டியிருந்தாலோ, அதற்குரிய அனுமதியும் கட்டட விதிச் சான்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

வட்டியில்லா வழி

மார்ட்கேஜ் என்பது வட்டிக் கடன். மாற்று வழி இல்லாத நிர்ப்பந்தத்தில், குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு மட்டும் நிபந்தனைகளோடு அனுமதி உண்டு என்று ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய மன்றம் 1999இல் கருத்துச் சொன்னது. உலமாக்கள் பலர் அதை ஏற்கவில்லை. இன்று மாற்று வழி இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

வங்கியும் நாமும் சேர்ந்து வீட்டை வாங்குகிறோம். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடியே, அந்தப் பங்கையும் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்கிறோம். குறைந்து செல்லும் முஷாரகா என்பது இதுதான். முன்பு வங்கி வாங்கும்போது ஒரு முறையும் நமக்குக் கைமாறும்போது இன்னொரு முறையுமாக முத்திரைத் தீர்வை விழுந்தது. 2003ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அந்த இரட்டைச் சுமையை நீக்கியது. 2004இல் இஸ்லாமிக் பேங்க் ஆஃப் பிரிட்டன் தொடங்கப்பட்டது. 2014இல் அது அல் ரயான் வங்கி என்று பெயர் மாறியது. கேட்ஹவுஸ் வங்கியும் இத்துறையில் உள்ளது. 2007 முதல் இந்தத் திட்டங்கள் அரசின் நிதிக் கண்காணிப்புக்குள் வந்துவிட்டன.

முன்பணம் எவ்வளவு, வாடகையை எதை வைத்து மாற்றுகிறார்கள், தாமதக் கட்டணம் எங்கே போகிறது, வீடு சேதமானால் யார் பொறுப்பு என்ற நான்கு கேள்விகளையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி, நீங்கள் நம்பும் ஆலிமிடம் காட்டுங்கள்.

முன்பணத்துக்குக் கணக்கு

பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கட்டாயம் கேட்பார். ஊரில் நிலம் விற்றது, நகை விற்றது, தகப்பனார் தந்தது என எதற்கும் ஆவணம் வேண்டும். உண்டியல் வழியாக வந்த பணத்துக்கு ஆவணம் இராது. அந்த ஒரு காரணத்தாலேயே வீடு கைநழுவிப் போகலாம். ஊரிலிருந்து வரும் பணம் வங்கி வழியாகவே வரட்டும்.

உறவினரிடம் கைமாற்றாக வாங்கிய பணத்தை 'அன்பளிப்பு' என்று எழுதிக் கொடுப்பதும் நம்மிடையே நடக்கிறது. அது சட்டப்படி பொய் வாக்குமூலம். கொடுத்தவர் பின்னால் திருப்பிக் கேட்டால், அவர் கையெழுத்திட்ட தாளே அவருக்கு எதிராக நிற்கும். கடன் என்றால் கடன் என்றே சொல்லுங்கள்.

ஊரில் உள்ள வீடும் முத்திரைத் தீர்வையும்

நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 2025 ஏப்ரல் 1 முதல் உள்ள வீதப்படி, விலையில் முதல் 1,25,000 பவுண்டுக்குத் தீர்வை இல்லை. அடுத்து 2,50,000 வரை 2 சதவீதம். அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். முதல் வீடு வாங்குவோருக்கு 3,00,000 வரை தீர்வை இல்லை. அதற்கு மேல் 5,00,000 வரை 5 சதவீதம். வீட்டின் விலை 5,00,000ஐத் தாண்டினால் இந்தச் சலுகையே கிடையாது.

ஆனால் 'முதல் வீடு' என்றால் உலகத்தில் எங்குமே முதல் வீடு என்று பொருள். வாப்பாவின் மரணத்துக்குப் பின் ஊர் வீட்டில் ஒரு பங்கு வந்திருந்தாலும், திருமணத்தின்போது மகளுக்கு எழுதிக் கொடுத்த வீடாக இருந்தாலும் சலுகை போய்விடும். அந்தப் பங்கின் மதிப்பு 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால், இங்கே வாங்கும் வீடு 'கூடுதல் வீடு' ஆகிவிடும். முழு விலைக்கும் 5 சதவீதம் அதிகம் கட்ட வேண்டும். இதில் கணவன் மனைவி இருவரையும் ஒன்றாகவே கணக்கிடுவார்கள்.

5,00,000 பவுண்டு வீட்டுக்கு முதல் முறை வாங்குபவர் கட்டுவது 10,000. சாதாரணமாக 15,000. கூடுதல் வீடு என்றால் 40,000. பாகப்பிரிவினை இன்னும் நடக்கவில்லை என்பதால் பங்கு இல்லை என்று ஆகாது. வாரிசாக வந்த பாதி அல்லது அதற்குக் குறைந்த பங்குக்கு, கிடைத்து மூன்று ஆண்டுக்குள் என்றால், இந்தக் கூடுதல் 5 சதவீதத்திலிருந்து விலக்கு உண்டு. ஆகவே ஊர்ச் சொத்துகளை ஒன்றுவிடாமல் சொலிசிட்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பேச்சும் ஒப்பந்தமும்

எஸ்டேட் ஏஜென்ட் விற்பவரின் ஆள் என்பதை மறக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் வீடுகள் என்ன விலைக்குப் போயின என்பதை அரசின் நிலப் பதிவகத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1995 முதல் விவரம் இருக்கிறது. விலை பேசி முடித்தாலும், இரு தரப்பும் ஒப்பந்தத்தைப் பரிமாறிக்கொள்ளும்வரை யாரையும் அது கட்டுப்படுத்தாது. இடையில் வேறொருவர் அதிகம் கொடுத்தால் விற்பவர் மாறிவிடலாம். பரிமாற்றத்தின்போது வழக்கமாக 10 சதவீதம் கட்டுகிறோம். அதற்குப் பின் நாம் விலகினால் அந்தப் பணம் போய்விடும். ஆகவே எல்லாச் சந்தேகங்களையும் பரிமாற்றத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

யார் பெயரில்?

கணவனும் மனைவியும் சேர்ந்து வாங்கும்போது சொலிசிட்டர் ஒரு கேள்வி கேட்பார்: கூட்டு உரிமையா, தனித்தனிப் பங்கா? கூட்டு உரிமை என்றால் ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்குப் போகும். உயிலில் என்ன எழுதியிருந்தாலும் செல்லாது. தனிப்பங்கு என்றால் அவரவர் பங்கு அவரவர் உயிலின்படி போகும். மார்க்கப்படி வாரிசுப் பங்கீடு நடக்க விரும்புவோர் தனிப்பங்கைத் தேர்ந்து, உயிலும் எழுத வேண்டும். வங்கியோடு சேர்ந்து வாங்குவதானால், வங்கியின் நிபந்தனைகளோடு இது எப்படிப் பொருந்தும் என்றும் கேளுங்கள்.

உயில் இல்லாவிட்டால் இங்கிலாந்துச் சட்டம் முடிவு செய்யும். மனைவிக்கோ கணவனுக்கோ முதல் 3,22,000 பவுண்டும் மீதியில் பாதியும், மற்றது பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு எதுவும் இல்லை. நம் மார்க்கத்திலோ தாய்க்கும் தந்தைக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு இருக்கிறது. உயிலில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுபவர் சாட்சியாக இருந்தால் அவர் பங்கை இழப்பார்.

இங்கிலாந்தில் நிகாஹ் மட்டும் செய்து அரசுப் பதிவு செய்யாதவர்களை அந்நாட்டுச் சட்டம் கணவன் மனைவியாக ஏற்பதில்லை. வீடு கணவர் பெயரில் மட்டும் இருந்து உயிலும் இல்லாவிட்டால் மனைவியின் நிலை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

முன்பணத்துக்காகப் பெண்கள் நகையை விற்றுக் கொடுக்கிறார்கள். அது அவர்களின் சொத்து. அவர்கள் போட்ட தொகைக்குரிய பங்கை உறுதி ஆவணத்தில் எழுதி வைப்பது மனைவியை நம்பாததற்கு அடையாளம் அல்ல. அவர் உரிமையை மதிப்பதற்கு அடையாளம்.

குடியேறிய பிறகு

செமி டிடாச்ட் வீட்டில் சுவர் பொதுவானது. மாடிப்படியில் பிள்ளைகள் ஓடும் சத்தம் அடுத்த வீட்டில் கேட்கும். ரமளானில் தராவீஹ் முடிந்து நள்ளிரவில் வரும்போது கார்க் கதவை மெதுவாகச் சாத்துவதும், அடுத்தவர் வாசலை மறித்து நிறுத்தாமல் இருப்பதும், குப்பைத் தொட்டியை உரிய நாளில் வைத்து எடுப்பதும் அண்டை வீட்டாரின் உரிமையில் சேர்ந்தவைதாம். பொதுச் சுவரில் வேலை செய்வதானால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி பக்கத்து வீட்டாருக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு நேரில் போய்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

வீடு வாங்குவது பலருக்கு வாழ்நாளில் ஒரு முறை நடப்பது. அவசரப்படுத்துபவர் ஏஜென்டாக இருந்தாலும் உறவினராக இருந்தாலும், கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டே கையெழுத்திடுவோம். நாம் வாழும் வீட்டிலும், நமக்குப் பின் பிள்ளைகள் பங்கிடும் வீட்டிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.