பள்ளிக் கஞ்சியும் பருப்பு மூட்டையும்

நோன்புக் கஞ்சியைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் ரம்பையின் மணத்தில் தொடங்கி, அஸருக்குப் பின் பள்ளிவாசல் முற்றத்தில் நீளும் வரிசையில் முடிந்துவிடும். அவற்றை விருப்பத்தோடு வாசிப்பவன் நான். ஆனால் கஞ்சிக்கு மணம் இருப்பதைப் போலக் கணக்கும் இருக்கிறது. அரிசி எங்கிருந்து வந்தது, பருப்பை யார் வைத்திருந்தார், யாருக்குக் கிடைத்தது, யாருக்குப் பிந்தியது என்ற கணக்கு. அக்கரப்பத்தனைப் பகுதியில் பிறந்து வளர்ந்து அங்கேயே படிப்பிக்கின்றவன் என்ற முறையில், அந்தக் கணக்கில் ஒரு பக்கத்தையேனும் எழுதிவைக்க வேண்டியவனாகிறேன்.

இதற்குக் காரணமாக அமைந்தது ஒரு மின்சாரச் சட்டி. கட்டாரில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய என் மச்சான் அதைக் கொண்டுவந்து தந்தார். 'ஸ்லோ குக்கர்' என்கிறார்கள். உள்ளே கனத்த மட்பாண்டம், சுற்றிலும் இளஞ்சூடு. ஏறத்தாழ 200 வாட் மின்சாரத்தில் எட்டு மணித்தியாலம் தானாகவே வேகும். கூட வந்த சிறு புத்தகத்தின் முதற் குறிப்பே பட்டாணிப் பருப்பு சூப்தான். அதில் சேர்க்கச் சொன்ன இறைச்சி நமக்கு ஆகாதது. அதை விட்டுவிட்டு, ஒரு கோப்பை பட்டாணிப் பருப்பு, அரைக் கோப்பை பச்சரிசி, ஒரு தேக்கரண்டி வெந்தயம், உள்ளி, இஞ்சி, ரம்பை, ஒரு துண்டு கறுவாப்பட்டை, எட்டுக் கோப்பை தண்ணீர் என்று இட்டு, தராவீஹ் முடிந்ததும் மூடிவைத்தோம். ஸஹருக்கு எழுந்து திறந்தபோது பருப்பு இருந்த இடம் தெரியாமல் கரைந்திருந்தது. தேங்காய்ப்பாலும் உப்பும் சேர்த்து உம்மாவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இது எழுபத்துநாலாம் வருஷத்துக் கஞ்சி" என்றார்.

அந்த வருடத்துக்கு வருமுன், இந்தக் கிண்ணத்தின் பழைய வழியைச் சற்றுப் பார்த்துவிடுவது நல்லது.

பருப்பு என்பது திருக்குர்ஆனிலேயே பெயர் குறிக்கப்பட்ட உணவு. ஸூறா பகறாவின் 61ஆம் வசனத்தில் பனூ இஸ்ராயீல்கள் கேட்ட பொருட்களில் 'அதஸ்' என வருவது அதுதான். வீட்டில் மௌத்து விழுந்தால் துக்கத்தில் இருப்போருக்கு வாற்கோதுமையில் 'தல்பீனா' என்னும் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கும்படி ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்வார்கள் என்றும், அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என நபிகளார் (ஸல்) கூறியதாகவும் புகாரியில் பதிவாகியிருக்கிறது. கஞ்சி வயிற்றுக்கு மாத்திரம் உரியதல்ல என்பது நமக்குப் பழைய பாடம்.

1047இல் பலஸ்தீனத்தின் ஹெப்ரோன் நகருக்குச் சென்ற பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரோ, நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் பெயரால் அங்கே நடந்த அன்னதானத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். வந்தவர் எவராயினும் ஒரு ரொட்டி, ஒலிவ் எண்ணெயில் சமைத்த ஒரு கிண்ணம் பருப்பு, கொஞ்சம் உலர்ந்த திராட்சை. வக்ஃபு நிலங்களின் வருமானத்தில் அது நடந்தது. அதே நகரில் இப்றாஹீமிய்யாத் தக்கியா என்ற பெயரில் சூப் வழங்கும் மரபு நம் காலம்வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

மூன்று நூற்றாண்டு கழித்து வருகிறார் இப்னு பதூதா. இந்தியாவில் பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து நெய்யோடு காலையில் உண்பதைப் பார்த்து, இது எங்கள் மஃரிபு நாட்டு 'ஹரீரா' போன்றது என்று குறித்துவைத்தார். 1344இல் இலங்கைக்கு வந்து, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் உபசரிப்பைப் பெற்று, பாவா ஆதம் மலைக்கு ஏறியவரும் அவரே. எங்கள் நுவரெலியா மாவட்ட எல்லையில் நிற்கும் மலை அது. மொறோக்கோவின் ஹரீராவையும் நம் பக்கத்துப் பயற்றங்கஞ்சியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்த்த முதல் மனிதர்களில் ஒருவர், இந்த மலைகளையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

மின்சாரச் சட்டிக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க யூதரான இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் அவருடைய பாட்டி, சனிக்கிழமை அடுப்பு மூட்டலாகாது என்பதால், வெள்ளி மாலையே அவரையும் இறைச்சியும் இட்ட பானையை வெதுப்பகத்தின் தணிந்த அடுப்பில் வைத்துவிட்டு மறுநாள் எடுப்பாராம். தாய் சொன்ன அந்தக் கதையிலிருந்துதான் யோசனை பிறந்தது என்பார் நாக்ஸன். 1971இல் வேறொரு நிறுவனம் 'குறொக் பொட்' என்ற பெயரில் அதை விற்கத் தொடங்கியது. அவர்களின் ஓய்வுநாள் பானை நமது ஸஹர்ச் சட்டியாக அக்கரப்பத்தனைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதில் வெட்கப்பட எதுவுமில்லை. பசியும் வணக்கமும் இரு வீடுகளிலும் ஒரே உபாயத்தைக் கண்டுபிடித்திருக்கின்றன.

இனி எங்கள் மலைக்கு வருவோம்.

இங்கே பருப்பு வேகச் சுணங்கும். மாணவர்களுக்கு விஞ்ஞானப் பாடத்தில் சொல்லும் காரணந்தான்: கடல் மட்டத்திலிருந்து 1,500 மீற்றரை அண்டிய உயரத்தில் தண்ணீர் 95 பாகை செல்சியஸில் கொதித்துவிடும். அதற்குமேல் சூடேறாது. கொழும்பில் ஒரு மணித்தியாலத்தில் வேகும் பருப்பு இங்கே இன்னும் நேரம் கேட்கும். மைசூர்ப் பருப்பென்றால் சமாளிக்கலாம். பட்டாணியும் கடலையும் பொறுமையைச் சோதிக்கும். பருப்புப் பழசாகிவிட்டால் சொல்லவே வேண்டாம்; வருடக்கணக்கில் கிடந்த பருப்பு எத்தனை கொதி கண்டாலும் கல்லாகவே நிற்கும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தோட்டத்து ஜனங்களின் உணவு வரலாறு, அவர்களுக்கு அளந்து கொடுத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. கோப்பிக் காலத்திலிருந்து தோட்டமே அரிசி கொடுத்து, செக்றோலில் கழித்துக்கொண்டது. 1927இல் வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டமும் அரிசி வழங்கலைத் தன் ஏற்பாட்டுக்குள் வைத்துக்கொண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் பர்மா அரிசி நின்றது; பங்கீடு வந்தது; லயத்து அடுப்பில் சோற்றுப் பானையின் இடத்தை ரொட்டிக் கல் பிடித்துக்கொண்டது. தோட்டத்துக்கு வெளியே, கடைவீதியில், மிளகாய், கருவாடு, பருப்பு, துணி எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுத்துச் சம்பள நாளில் அறவிட்டவர்களில் நம்மவர்களும் இருந்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கமிருந்து வந்தவர்கள், கண்டி, மாவனல்லைப் பக்கமிருந்து ஏறி வந்தவர்கள் எனப் பலர். 'கடை நானா' என்ற சொல்லில் பாசமும் இருந்தது, பயமும் இருந்தது. மலையகத்தைப் பற்றி எழுதும் சிலர் அவரை வட்டிக்காரனாகவே காட்டுகிறார்கள். நம் எழுத்தாளர்கள் வள்ளலாகவே காட்டுகிறார்கள். என் மூத்தாப்பா அப்படியொரு கடை நானா. அவர் இரண்டிலும் அடங்கவில்லை.

1972 முதல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியது. 1973இல் எண்ணெய் விலை. அந்நியச் செலாவணி இல்லை என்று ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம், பருப்பு முதலியவற்றின் இறக்குமதியை இறுக்கியது. கூப்பன் அரிசி குறைந்தது. கோதுமை மாவும் பாணும் விலை ஏறின. அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கட்டுப்பாடு. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ மரவள்ளித் தோட்டமோ இருந்தது. லயத்தில் வாழ்ந்தவருக்கு நிலமென்று ஒரு பிடியும் இல்லை. வேலை நாட்களும் குறைந்திருந்தன. 1974இல் தோட்டப்புற மரண வீதம் கூர்மையாக எழுந்தது. நாட்டின் புள்ளிவிபரத்தில் அந்த ஏற்றம் இன்றும் தனித்துத் தெரிகிறது. உயிரோடு இருந்தவர்கள் நகரங்களில் இறங்கிக் கையேந்தினார்கள்.

அந்த வருடம் றமழான் செப்டெம்பர் நடுப்பகுதியில் பிறந்தது. உம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

மூத்தாப்பா மாசிமாதமே கடன் கொப்பியை மூடிவிட்டார். கொடுக்கச் சாமான் இல்லை என்றார். கடையில் இல்லைதான். ஆனால் வீட்டுப் பரணில் ஒரு மூட்டை பட்டாணிப் பருப்பு இருந்தது. இறக்குமதி இறுகுமுன் வாங்கியது. நோன்புக்குப் பள்ளிக் கஞ்சிக்கென்று நிய்யத் வைத்திருந்தார் என்பது எங்கள் குடும்பம் நெடுங்காலமாகச் சொல்லிவந்த கதை. விலை இன்னும் ஏறும் என்று பார்த்திருந்தார் என்பது உம்மா இப்போது சொல்லும் கதை. இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஒரே மனிதன் ஒரே மூட்டையைப் பார்த்து இரண்டையும் நினைத்திருக்கக் கூடும்.

வீட்டுக்கு மிலாறு கட்டிக்கொண்டு வந்து போடும் தோட்டத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். இடுப்பில் ஒரு கைக்குழந்தை. ஆடி மாதத்து மழையில் இரண்டு தடவை வந்து கஞ்சித் தண்ணியாவது தரச்சொல்லிக் கேட்டாள். உம்மும்மா தன் பங்கிலிருந்து கொடுத்தார். மூட்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை. மூன்றாம் தடவை அவள் தனியாக வந்தாள். குழந்தை எங்கே என்று உம்மும்மா கேட்கவில்லை. அன்றிரவு மூத்தாப்பாவிடம், "ஒங்கட மூட்டைய எறக்குங்க. இல்லாட்டி நான் எறக்குறன்" என்றாராம்.

மூட்டை இறங்கியது. ஆனால் பருப்பு வேகவில்லை. அத்தனை காலம் பரணிற் கிடந்து இறுகிப்போயிருந்தது. பகல் முழுதும் எரித்தும் பல்லில் பட்டது. உம்மும்மா இரவே ஊறவைத்து, ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு, பெரிய சட்டியைத் தேயிலைக் கட்டைத் தணலின்மேல் விடியும்வரை வைத்தார். அரிசி இல்லாததால் மரவள்ளிக் கிழங்கைச் சீவிப் போட்டார். தேங்காய்ப்பால் இல்லை. அந்த றமழான் முழுக்க ஒரு சட்டி பள்ளிக்கும் ஒரு சட்டி குசினி வாசலுக்கும் போனது. குசினி வாசலில் நோன்பில்லாத பிள்ளைகள் தகரப் பேணியோடு வரிசையில் நின்றார்கள். உம்மா அகப்பையால் ஊற்றினார்.

"புண்ணியந்தான். ஆனா மூட்டை ஆடியிலயும் மேலதான் இரிந்திச்சு மகன்" என்றார் உம்மா. ஐம்பது வருடமாக அவர் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூத்தாப்பா அந்தக் கஞ்சிக்கும் கணக்கு எழுதினார். அவர் மௌத்தான பிறகு உம்மா அந்தக் கொப்பியைப் பார்த்திருக்கிறார். திகதி, எத்தனை சுண்டு பருப்பு என்பதெல்லாம் இருந்ததாம். பெயர் எழுதும் இடத்தில் மாத்திரம் ஒன்றுமில்லை. மற்றப் பக்கங்களில் கடன் வாங்கிய ஒவ்வொருவரின் பெயரும், லய நம்பரும், கங்காணியின் பெயரும் இருக்கும். அந்தப் பக்கத்தில் யார் கடன்காரர் என்று அவருக்கு எழுத வரவில்லை போலும். கொப்பியைப் பின்னர் கறையான் தின்றுவிட்டது. ஆகவே என் கையில் ஆவணம் இல்லை. உம்மாவின் சொல் மாத்திரமே இருக்கிறது.

வரலாறு திரும்பி வராது என்று நினைத்திருந்தோம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது. ஏப்ரலில் ஒரு சமையல் எரிவாயுச் சிலிண்டர் 4,860 ரூபா. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல்தான் 1,000 ரூபாவாகியிருந்தது. ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய ஐந்து நாள் கொழுந்து. அந்த றமழானில் காலிமுகத்திடல் போராட்டக் களத்தில் பல இனத்தவரும் கூடியிருந்து நோன்பு திறந்ததைப் படங்களில் பார்த்து மகிழ்ந்தோம். இங்கே எரிவாயு இல்லாத கடைவீதி வீடுகளுக்கு மிலாறு கொண்டுவந்து தந்தவர்கள் லயத்துப் பெண்கள். அவர்களுக்கு விறகடுப்பு எப்போதும் இருந்தது. கடன் கேட்டு நின்றவர்களின் பேத்திகளிடம் கடை நானாவின் பேரன் விறகு கேட்டு நின்றேன். காசு வேண்டாம் என்றாள் ஒருத்தி. என்னிடம் படித்தவள்.

இந்த றமழானிலும் சட்டியைப் போடுகிறோம். உம்மா எப்போதும் ஒரு கோப்பை கூட்டியே போடச் சொல்கிறார். பருப்பைக் கால் கிலோவுக்குமேல் வீட்டில் வைக்க விடமாட்டார். பழசானால் வேகாது என்பது அவர் சொல்லும் காரணம்.

மலையக முஸ்லிம்களின் வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்கள் பள்ளிவாசல் கட்டிய ஆண்டையும் தர்மகர்த்தாக்களின் பெயரையும் தேடுகிறார்கள். தேடத்தான் வேண்டும். அவற்றோடு கடன் கொப்பிகளையும் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள். ஹட்டனிலும், தலவாக்கலையிலும், நுவரெலியாவிலும், உங்கள் ஊர்களிலும் பழைய கடை வீடுகளின் பரண்களில் இன்னும் சில கிடக்கக்கூடும். கறையான் போகுமுன் இறக்கி வாசியுங்கள். பெயர் எழுதாமல் விட்ட பக்கம் ஏதும் இருந்தால், வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே அது யாருடைய கணக்கு என்று கேட்டு எழுதிவையுங்கள்.