போசௌனன்கோர் குழுக்களும் கிறித்துமசுப் பாடல் தெரிவும்

போசௌனன்கோர் என்பது செருமனியின் சீர்திருத்தத் திருச்சபைகளில் இயங்கும் பித்தளை ஊதுகருவிக் குழுவாகும். 'போசௌன' என்ற சொல் இன்று டிராம்போனைக் குறிக்கிறது. ஆயினும் மார்ட்டின் லூதரின் விவிலிய மொழிபெயர்ப்பில், 150ஆம் சங்கீதத்தில் தமிழ் விவிலியம் எக்காளம் என்று கூறும் இடத்தில் இச்சொல்லே வருகிறது. ஆகவே டிரம்பெட், கொம்பு, டிராம்போன், டியூபா ஆகியவை சேர்ந்த குழு முழுமைக்கும் இப்பெயர் வழங்குகிறது.

முன்னோடிகள்

முற்காலத்தில் செருமானிய நகரங்கள் சம்பளம் கொடுத்து ஊதுகருவிக் கலைஞர்களை அமர்த்தியிருந்தன. கோபுரங்களின் மேல் நின்று வாசிப்பது அவர்களது பணிகளுள் ஒன்று. லைப்சிக் நகரக் கலைஞரான காட்பிரீட் ரைகெ, 1696இல் நான்கு கருவிகளுக்கான 24 சிறு இசைத்துண்டுகளை வெளியிட்டார். இவர் பின்னர் பாக்கின் டிரம்பெட் கலைஞராகவும் விளங்கினார்.

கூலோ முறை

19ஆம் நூற்றாண்டில் உருவான திருச்சபைக் குழுக்களில் இருந்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். உழவர்களும் கைவினைஞர்களும் ஆவர். வெசுட்பாலியாவைச் சேர்ந்த போதகர் எடுவார்டு கூலோ 1881இல் இவர்களுக்கென ஓர் இசைநூலை வெளியிட்டார். அவர் மகன் யோகன்னசு கூலோ (1856–1941) இப்பணியை விரிவாக்கினார். பொதுவாக டிரம்பெட் போன்ற கருவிகளுக்கு, ஒலிக்கும் சுரத்திலிருந்து மாற்றியே இசைக்குறிகள் எழுதப்படும். கூலோ முறையில் ஒலிக்கும் சுரமே எழுதப்பட்டது. இதனால் பாடகர் குழுவின் நான்குகுரல் ஏட்டைப் பார்த்து ஊதுவோரும் அப்படியே வாசிக்க முடிந்தது.

கிறித்துமசுப் பாடல்கள்

நான்கைந்து பேரே உள்ள குழுவுக்கு ஏற்ற பாடலைத் தெரிவு செய்வதில் மூன்று செய்திகள் கருதப்படுகின்றன: குரல்களின் எண்ணிக்கை, சுரங்களின் எல்லை, உதடுகளின் களைப்பு. மிக்கேல் பிரிட்டோரியசு 1609இல் நான்கு குரல்களுக்கு அமைத்த 'எசு இசுட் ஐன் ரோசு' பாடலை மாற்றமின்றியே நால்வர் வாசிக்கலாம். 1818இல் ஓபர்ண்டார்பில் முதன்முறை பாடப்பட்ட 'சுடில்ல நாக்ட்' இரு குரல்களுக்கும் கித்தாருக்கும் உரியது. அதற்கு இடைக்குரல்களைப் புதிதாக எழுத வேண்டும். லூதரின் 'பொம் கிம்மெல் கோக்' பாடலின் மெட்டு (1539) ஓர் எண்மச் சுரத்துக்குள் அடங்குகிறது. ஆனால் அதற்கு 15 சரணங்கள் உண்டு. ஊதுவோரின் உதடுகளுக்கு ஓய்வு தேவை என்பதால், சில சரணங்களைச் சபையார் தனித்துப் பாட விடுவது நல்லது. திறந்தவெளியில் குளிர் மற்றொரு தடையாகும். கருவிக்குள் உள்ள காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும்.

மாறுபட்ட நோக்கு

யோகன்னசு கூலோ மனிதக் குரலையே முன்மாதிரியாகக் கொண்டு, மென்மையாக ஒலிக்கும் புளூகல்கொம்பு போன்ற கருவிகளை விரும்பினார். பாட்டுக்குத் துணை நிற்பதே அவருக்கு முதன்மையானது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இசையறிஞர் வில்கெல்ம் எகுமான் (1904–1989) இதனை மறுத்தார். டிரம்பெட், டிராம்போன் ஆகியவற்றின் தெளிந்த ஒலியையும், ரைகெ போன்றோரின் பழைய கோபுர இசையையும் அவர் மீட்க முயன்றார். ஒரு கிராமக் குழு சபையாரின் பாட்டுக்குத் துணையாக நிற்க வேண்டுமா, கருவிகளுக்கென்றே எழுதப்பட்ட இசையைத் தனித்து வாசிக்க வேண்டுமா என்பதே இவ்விருவருக்கும் இடையிலான வேறுபாடு. இன்றைய குழுக்கள் இரண்டையும் வாசிக்கின்றன.