றோசாவை எப்போது வெட்டுவது? மண்டூர் மழையும் ரொறன்ரோ பனியும்

இரண்டு வருடங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்து ஒரு காலையில், ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நாலைந்து கரிய குச்சிகள். கூடவே ஒரு குரல் பதிவு: "மனே, றோசா செத்துப் போச்சு போல. நான்தான் வெட்டிக் கெடுத்துட்டன்."

அது வெறும் பூக்கண்டு அல்ல. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு வீட்டை விட்டுப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை. அவருடைய படத்துக்குப் பெரியம்மா இன்றுவரை மாலை போட்டதில்லை. மாலை போட்டால் முடிவு சொன்னதாகிவிடும் என்பது அவர் எண்ணம். படத்தின் கீழே ஒரு பூ மட்டும் வைப்பார். மண்டூரில் இருந்த காலத்தில் அது முற்றத்து றோசா. கனடாவில் ஜூன் முதல் ஒக்டோபர் வரை பின்வளவு றோசா. மற்ற மாதங்களில் கடையில் வாங்கிய பூ.

அவர் செய்த தவறு சிறியது. பனி மூடிவிட்டால் வெட்ட முடியாதே என்று ஒக்டோபரிலேயே செடியைக் கட்டையாக வெட்டிவிட்டார். குளிர்நாடுகளுக்குப் போன நம்மவர்கள் பலர் றோசா வளர்க்கிறார்கள். அவர்களில் சிலருக்காவது இதே தவறு நேர்ந்திருக்கும். அதனால் அன்று நான் தேடிப் படித்ததையும், ஊரில் பார்த்துப் பழகியதையும் இங்கே எழுதுகிறேன்.

மண்டூரில் எப்போது?

எங்கள் ஊரில் றோசா உறங்குவதில்லை. உறைபனி இல்லை; வருடம் முழுவதும் தளிர் விடும். இங்கே காலத்தைத் தீர்மானிப்பது குளிர் அல்ல, மழை. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை தை வரை நீளும். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில்தான் விழுகிறது. 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளியும் இந்தப் பருவத்தில்தான் வந்தது. மழைக்குள் வெட்டினால் வெட்டுவாய் காயாது. ஈரத்தில் பூஞ்சணம் இறங்கி, கொப்பு நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வரும்.

ஆகவே தைப்பொங்கல் முடிந்து, வெள்ளம் வடிந்து, மண் காலில் ஒட்டாமல் வரும் நாட்கள்தான் இங்கே ஏற்றவை. ஜனவரி கடைசி முதல் பெப்ரவரி நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள்ளலாம். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கட்டையாக வெட்டக் கூடாது. இலை நிழல் இல்லாத தண்டு வெயிலில் வெந்துபோகும். அந்தக் காலத்தில் வாடிய பூவைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

குளிர்நாட்டில் ஏன் இலையுதிர்காலத்தில் வெட்டக் கூடாது?

வெட்டு என்பது செடிக்குக் கொடுக்கும் "தளிர் விடு" என்ற கட்டளை. ஒக்டோபரில் வெட்டிய பின் நாலு நாள் வெயில் எறித்தால் செடி இளந்தளிர் விடும். அடுத்து வரும் உறைபனியில் அது கருகும். வெட்டுவாய் வழியாகத் தண்டும் காய்ந்து, சாவு கீழ்நோக்கி இறங்கும். உயரமாக விட்ட தண்டு நுனியில் ஒரு முழம் செத்தாலும் அடியில் உயிர் மிஞ்சும். ஒரு சாணாக வெட்டிய தண்டில் மிஞ்ச என்ன இருக்கிறது?

இலையுதிர்காலத்தில் செய்யக்கூடியவை இவை:

- ஓகஸ்ட் நடுப்பகுதியோடு பசளை போடுவதை நிறுத்துங்கள்.
- செப்டம்பர் கடைசியிலிருந்து வாடிய பூக்களைக் கிள்ளாதீர்கள். அவை காயாகும்போது செடி தானாகவே ஓய்வுக்குத் தயாராகும்.
- காற்றில் ஆடி வேர் அசையும் அளவுக்கு நீண்ட கொப்புகளை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம்.
- கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி அகற்றுங்கள்.
- கடுங்குளிர் உள்ள இடங்களில், நிலம் உறையத் தொடங்கும்போது அடித்தண்டைச் சுற்றி 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்கு மண்ணைக் குவித்து மூடுங்கள்.

அப்படியானால் எப்போது?

திகதியைப் பார்க்காமல் செடியைப் பாருங்கள். தண்டில் மொட்டுக் கண்கள் சிவந்து பருக்கத் தொடங்கும் நேரம்தான் சரியான நேரம். அதைக் கண்டுபிடிக்க அந்தந்த நாட்டாரிடம் ஓர் அடையாளம் இருக்கிறது. ஜேர்மனி, சுவிஸ், கனடா போன்ற இடங்களில் போர்சித்தியா என்ற புதர் இலை விடுமுன் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும். அது பூத்தால் றோசாவை வெட்டலாம் என்பது அங்குள்ளவர்களின் பழைய கணக்கு. நோர்வேயில் பேர்ச் மரத்தின் இளம் இலை எலிக்காது அளவுக்கு வரும் வரை காத்திருப்பார்கள்.

மாதமாகச் சொல்வதென்றால், இங்கிலாந்தின் தெற்கே பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை. ரொறன்ரோ பக்கம் ஏப்ரல் பின்பாதி முதல் மே தொடக்கம் வரை. சில வருடங்களில் இது முன்பின்னாகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வருடத்தில் ஒருமுறை மட்டும் பூக்கும் பழைய வகைகளும் சில கொடி றோசாக்களும் முந்திய வருடத்துத் தண்டில் பூப்பவை. அவற்றை இளவேனிலில் வெட்டினால் அந்த வருடப் பூவையே வெட்டியதாகும். கோடையில் பூத்து முடிந்த பிறகே அவற்றில் கை வையுங்கள்.

எப்படி வெட்டுவது?

முதலில் குவித்த மண்ணை மெதுவாக விலக்குங்கள். கறுத்த, காய்ந்த தண்டுகளை அகற்றுங்கள். வெட்டிய இடத்தின் நடுப்பகுதி மண்ணிறமாக இருந்தால் இன்னும் கீழே வெட்டுங்கள். வெள்ளையாக வந்தால் அங்கே உயிர் இருக்கிறது. பிறகு, ஒன்றோடொன்று உராயும் கொப்புகளில் மெலிந்ததை எடுத்துவிடுங்கள்.

தொடர்ந்து பூக்கும் பெரும்பூ வகையாயின் நல்ல தண்டுகள் மூன்று முதல் ஐந்து வரை விட்டு, 30 முதல் 45 சென்ரிமீற்றர் உயரத்தில் நிறுத்தலாம். வெளிப்பக்கம் பார்த்த ஒரு கண்ணுக்கு அரைச் சென்ரிமீற்றர் மேலே, சற்றுச் சரிவாக வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் கூராக இருக்கட்டும். ஒரு செடியிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் அதை ஸ்பிரிற்றால் துடையுங்கள்.

செத்துவிட்டது என்று பிடுங்குமுன்

பெரியம்மா குச்சிகளைப் பிடுங்கத்தான் இருந்தார். பொறுக்கச் சொன்னேன். நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தார். எங்கும் பச்சை இல்லை. ஆனால் மேலே பச்சை இல்லாததால் வேரும் செத்தது என்று ஆகிவிடாது. குளிர்நாட்டில் ஜூன் நடுப்பகுதி வரையாவது காத்திருந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

தளிர் வந்தாலும் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கடையில் வாங்கும் றோசாக்கள் பல, வேறொரு காட்டு றோசாவின் வேரில் ஒட்டியவை. ஒட்டுக்குக் கீழிருந்து வரும் தளிர் உங்கள் றோசா அல்ல. அடிக்கண்டின் வேறு பூவைத்தான் அது தரும். அதை வேரோடு சேரும் இடத்தில் கிழித்து எடுத்துவிட வேண்டும். இதனால்தான் குளிர்நாடுகளில் நடும்போது ஒட்டுப் பகுதியை மண்ணுக்குள் ஐந்து சென்ரிமீற்றர் ஆழமாகவாவது புதைக்கச் சொல்கிறார்கள். மேலே எல்லாம் கருகினாலும் மண்ணுக்குள் இருக்கும் ஒட்டு பிழைக்கும்.

பெரியம்மா அப்படித்தான் நட்டிருந்தார். மே மாதம் இருபதாம் திகதிக்குப் பிறகு, கரிய குச்சிகளுக்குப் பக்கத்தில் சிவந்த முளை ஒன்று மண்ணைக் கீறி வந்தது. ஒட்டுக்கு மேலிருந்து வந்த தளிர். பழைய பூவே பூத்தது, ஆனால் வழமையைவிடப் பிந்தி, ஜூலைக் கடைசியில். அந்த வருடம் அதுவரை பெரியப்பாவின் படத்துக்குக் கீழே கடைப் பூதான் இருந்தது.

இந்த வருடம் பெப்ரவரி முதல் வாரத்தில் மண்டூர் வீட்டு முற்றத்து றோசாவை வெட்டிவிட்டு, படம் எடுத்துப் பெரியம்மாவுக்கு அனுப்பினேன். அவர் தன் பின்வளவைப் படம் எடுத்து அனுப்பினார். முழங்கால் அளவு பனி. அதற்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும் வெட்டப்படாத கொப்புகள்.

"நான் இன்னும் கை வைக்கல்ல," என்றார். "பக்கத்து வீட்டு மஞ்சப் பூ பூக்கட்டும்."