பிழையே நகைச்சுவையான மேடை: பெங்களூரு மாணவர் நகைச்சுவையின் மொழி வரலாறு

பெங்களூருக் கல்லூரி விழாக்களில் ஸ்டாண்டப் போட்டிகள் இடம்பிடிப்பதற்கு முன்பு அங்கே ‘ஜாம்’ இருந்தது, இன்றும் இருக்கிறது. கொடுத்த தலைப்பில் ஒருவர் ஒரு நிமிடம் பேச வேண்டும். தயங்கினாலோ, சொன்னதையே மீண்டும் சொன்னாலோ, தலைப்பை விட்டு விலகினாலோ எதிராளி குறுக்கிட்டுப் பேச்சைப் பறித்துக்கொள்வார். பிபிசி வானொலியில் 1967 டிசம்பரில் தொடங்கிய ‘ஜஸ்ட் எ மினிட்’ நிகழ்ச்சியே இதன் மூலம். இயான் மெசிட்டர் என்பவர் தம் பள்ளி ஆசிரியர் விதித்த தண்டனை ஒன்றை நினைவில் வைத்து அதை உருவாக்கினார். தண்டனை விளையாட்டான கதை இது. இந்தியாவில் அந்த விளையாட்டு மறுபடியும் சற்றே தண்டனையாயிற்று என்பதுதான் விந்தை.

மூல நிகழ்ச்சியில் விதிகள் மூன்றே. இந்திய வளாகங்களில் இலக்கணப் பிழையும் குற்றப்பட்டியலில் சேர்ந்தது. ஒருமை பன்மை மயங்கினால், காலம் பிறழ்ந்தால் எதிராளிக்கு மதிப்பெண், அதன்மேல் நடுவரின் கேலி, அரங்கில் சிரிப்பு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரின் ஆட்டத்திற்குத் தேவைப்படாத விதி, அதைப் பள்ளியில் கற்றோரின் ஆட்டத்திற்குத் தேவைப்பட்டது. கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ பயின்று வந்த மாணவர் அந்த மேடையில் தோற்றால், அது நகைச்சுவை உணர்வின் குறையால் அன்று. பலர் மேடை ஏறவே இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்நகரத்தின் மேடை நகைச்சுவை எப்போதும் இப்படி இருந்ததில்லை. தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியிலும் லண்டனிலும் நிலவியல் பயின்ற டி. பி. கைலாசம், கன்னட நாடக மேடையில் ஆங்கிலம் கலந்த அன்றாடப் பேச்சையே நகைச்சுவையின் கருவியாக்கினார். ‘நம் கிளப்பு’, ‘நம் கம்பெனி’, ‘ஹோம் ரூல்’ எனத் தலைப்பிலேயே அக்கலப்பு தெரியும். பல நாடகங்களை அவர் வாய்மொழியாகச் சொல்ல, பிறர் எழுதிக்கொண்டனர். எல்லாப் பாத்திரங்களையும் ஒருவரே பேசிக் காட்டும் அந்த முறை இன்றைய ஸ்டாண்டப் கலைஞருக்கு அந்நியமானதன்று. 1918ஆம் ஆண்டின் ‘டொள்ளு கட்டி’, மனப்பாடம் செய்து தேறும் புட்டுவையும், தேர்வில் தவறினாலும் வீட்டுக்கு உதவும் மாதுவையும் எதிரெதிரே நிறுத்தியது. அங்கே சிரிப்புக்கு இலக்கானது ஆங்கிலம் தெரியாமை அன்று. ஆங்கிலக் கல்வி தந்த வெற்றுப் பெருமிதம். கைலாசம் 1946இல் மறைந்தார். ஜாம் வந்தபோது சிரிப்பின் திசை திரும்பிவிட்டிருந்தது.

ஸ்டாண்டப் அதை மீண்டும் திருப்பியதா? பாதியளவு, ஆம். எம். எஸ். ராமையா தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் பயின்ற கனன் கில், கரக்பூர் ஐஐடியில் பயின்ற பிஸ்வ கல்யாண் ரத் ஆகியோர் பெங்களூரு மேடைகளிலிருந்து யூடியூபுக்குச் சென்றபோது, திருத்தமான ஆங்கிலம் நகைச்சுவையின் நுழைவுச்சீட்டாக இல்லாமற் போயிற்று. ஆங்கிலத்தில் தொடங்கும் வாக்கியம் இந்தியில் முடியலாம். முடியும் இடத்தில்தான் சிரிப்பு. பெங்களூரில் வாழும் பிரவீன் குமார் ஆங்கிலத்திலும் தமிழிலும் மேடையேறுகிறார்; 2020இல் வெளிவந்த ‘காமிக்ஸ்தான் செம காமெடி பா’ தொடரில் நடுவர்களுள் ஒருவராகவும் இருந்தார்.

மறுபாதி சங்கடமானது. பல மொழிகள் பேசும் மாணவர் கூடும் அரங்கில் எல்லோருக்கும் புரியும் கலப்பு, பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியுமே. கன்னடமும் தமிழும் தெலுங்கும் அங்கே வாக்கியமாக வருவதைவிட ஒலிச்சாயலாக வருவதே மிகுதி: ஆட்டோ ஓட்டுநரின் குரல், விடுதிக் காப்பாளரின் குரல், இயற்பியல் பேராசிரியரின் ஆங்கிலம். ஜாமில் பிழையாகப் பிடிபட்டவர் இங்கே உச்சரிப்பாகப் பிடிபடுகிறார். பேசுபவரே அப்பின்னணியிலிருந்து வந்தவராயின் அது தன்னெள்ளல். இல்லையெனில் வெறும் எள்ளல். எழுத்துப்படியில் இரண்டும் ஒன்றே. யார் பேசுகிறார், யார் சிரிக்கிறார் என்பதில்தான் வேறுபாடு.

இதை ஆராய்வோருக்கு நடைமுறைச் சிக்கலும் உண்டு. ஜாம் ஆட்டங்கள் ஆடி முடித்ததும் காற்றில் கரைந்தவை. பெரும்பாலும் மூத்த மாணவர்களின் நினைவில் எஞ்சியவையே கிடைக்கின்றன. ஸ்டாண்டப்பின் காணொளிகள் ஏராளமாகக் கிடைத்தாலும் வெட்டித் தொகுக்கப்பட்டவை. எடுபடாமல் போன துணுக்குகளும், அரங்கில் சிரிக்காமல் அமர்ந்திருந்தவர்களும் அவற்றில் இல்லை.