டைப் 1 சர்க்கரை நோயும் எலும்பு அடர்த்திப் பரிசோதனையும்

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும் என்பது நம் குடும்பங்களில் பலருக்குத் தெரியும். எலும்பைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

டென்மார்க் மருத்துவர் வெஸ்டர்கார்ட் பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, டைப் 1 உள்ளவர்களுக்கு இடுப்பு எலும்பு முறியும் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு. டைப் 2 உள்ளவர்களுக்கு அது சுமார் 1.4 மடங்குதான். ஆனால் டைப் 1 உள்ளவர்களின் எலும்பு அடர்த்தி சிறிதளவே குறைந்திருந்தது. அதாவது, ஸ்கேன் அறிக்கை காட்டுவதைவிட உண்மையான அபாயம் அதிகம்.

ஏன் இந்த வேறுபாடு?

இன்சுலின் எலும்பு வளரவும் உதவுகிறது. டைப் 1 பெரும்பாலும் எலும்பு உருவாகும் இளம் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. மேலும், இரத்தத்தில் நீண்டகாலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்தில் ஒட்டி அதை முறுகச் செய்கிறது. வீடு கட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். கான்கிரீட்டில் சிமெண்ட் சரியாக இருந்தாலும் உள்ளே கம்பி கெட்டிருந்தால் தூண் தாங்காது. ஸ்கேன் அளப்பது சிமெண்ட் போன்ற தாதுவை மட்டுமே.

எந்தப் பரிசோதனை?

இதற்கான முதன்மைப் பரிசோதனை டெக்ஸா ஸ்கேன். இரண்டு வேறு ஆற்றல்கொண்ட எக்ஸ்ரே கதிர்களால் முதுகெலும்பையும் இடுப்பையும் அளக்கும். ஊசி இல்லை, வலி இல்லை. கதிர்வீச்சு, நாம் இயற்கையாக ஒரு நாளில் பெறும் அளவை ஒட்டியதுதான். மோனசைட் மணல் உள்ள மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சே வழக்கத்தைவிட அதிகம் என்பதை நினைத்தால் அச்சம் குறையும். ஆயினும் கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

இலவச முகாம்களில் குதிகாலை வைத்து அல்ட்ராசவுண்டில் பார்ப்பது டெக்ஸா ஆகாது. அந்த எண்ணை வைத்து மாத்திரை தொடங்கவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது.

அன்றைய தினம் கால்சியம் மாத்திரையைத் தவிர்க்கவும். ஜிப், கொக்கி, ஊக்கு இல்லாத தளர்வான பருத்தி உடையில் சென்றால் பெரும்பாலும் உடை மாற்றத் தேவையில்லை. பெண்கள், பெண் டெக்னீஷியன் இருக்கிறாரா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். அடுத்த முறையும் அதே இயந்திரத்தில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

அறிக்கையைப் படிப்பது

டி-ஸ்கோர் என்பது ஆரோக்கியமான இளைஞரோடு ஒப்பிடுவது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்தபடி, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் எலும்புப்புரை. இது மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் உரியது.

பிள்ளைகளுக்கும் இளவயதினருக்கும் பார்க்க வேண்டியது இசட்-ஸ்கோர். இது அதே வயதினரோடு ஒப்பிடுவது. மைனஸ் 2 அல்லது அதற்குக் கீழே என்றால் வயதுக்குரிய அளவைவிடக் குறைவு. 16 வயதுப் பெண்ணின் அறிக்கையில் டி-ஸ்கோரைப் பார்த்து, "எலும்பு தேய்ந்துவிட்டது, கல்யாணத்துக்கு என்ன செய்வோம்" என்று பெற்றோர் கலங்குவது தேவையற்றது.

யாருக்கு, எப்போது?

65 வயதைக் கடந்த சர்க்கரை நோயாளிகளில் அபாயம் மிகுந்தவர்களுக்கும், பல அபாயக் காரணிகள் உள்ள இளையவர்களுக்கும் 2 முதல் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை டெக்ஸா எடுக்க அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கிறது. சிகிச்சை தொடங்குவதற்கும் மைனஸ் 2.5 வரை காத்திருக்காமல், மைனஸ் 2-லேயே யோசிக்கச் சொல்கிறது. சிறு விழுதலில் எலும்பு முறிந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்பவர்கள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் தாமே கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே முதல் மருந்து. முள்ளோடு உண்ணும் நெத்திலியிலும் கேழ்வரகிலும் கால்சியம் உண்டு. சாளை மீனில் வைட்டமின் டி-யும் உண்டு. உடலை மூடி உடுத்தும் நம் பெண்கள் வீட்டு முற்றத்திலோ மாடியிலோ வெயில் படும்படி சிறிது நேரம் இருப்பதும், வைட்டமின் டி அளவைப் பரிசோதிப்பதும் நல்லது. நடை, விளையாட்டு ஆகியவற்றைப் பெண் பிள்ளைகளுக்கும் மறுக்க வேண்டாம்.

விழாமல் காப்பதும் எலும்பைக் காப்பதே. சர்க்கரை திடீரெனக் குறைந்தால் மயங்கி விழ நேரிடும். நோன்பில் 70-க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

அறிக்கை நன்றாக வந்தாலும் மருத்துவரிடம், "எனக்கு டைப் 1 இருக்கிறது, அதையும் சேர்த்து என் அபாயம் எவ்வளவு?" என்று கேளுங்கள்.